தங்கவயலின் மரபு எவருடையது?

கோலார் தங்கவயலின் மரபைக் காப்போம் என்போரைக் கேட்போம்: எந்த மரபை? ஊரிகத்துக் கம்பெனி பங்களாக்களையும், 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரத்தையும் போற்றுவோர், நிலத்தடியில் மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை பாறை குடைந்தவனை மறக்கின்றனர்.

வடார்க்காட்டுச் சேரிகளிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த தலித் உழைப்பாளிகளின் வியர்வையால் எழுந்தது இவ்வயல். மாரிக்குப்பத்தில் அயோத்திதாசரின் பௌத்த சங்கக் கிளையை வளர்த்தவர்கள் அவர்கள். கைரேகைப் பதிவை எதிர்த்து 1930-இல் 21 நாள் வேலைநிறுத்தம் செய்தவர்கள். 1946 நவம்பர் 4 துப்பாக்கிச் சூட்டில் ஆறு தோழர்களை இழந்தவர்கள்.

2001 பிப்ரவரி 28-இல் வாஜ்பாய் ஆட்சி சுரங்கத்தை மூடியது. எஞ்சியவை சயனைடு மண்மேடுகளும் சிலிகோசிஸ் நெஞ்சுகளும். அத்தொழிலாளரின் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருவுக்கு வேலை தேடி ஓடுகின்றனர். ஊரே பிழைப்புக்கு வெளியேறினால் மரபை யாரிடம் ஒப்படைப்பது?

மாசாய் மக்களின் ஆடலைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டிக்கொண்டே, 2022-இல் லோலியோண்டோ மேய்ச்சல் நிலத்திலிருந்து அவர்களை விரட்டிய தான்சானிய அரசின் வழியும் இதுவே.

தோழர்களே, குடியிருப்போர்க்கு வீட்டுரிமை, உள்ளூரில் வேலை, தமிழ்ப் பள்ளிகளுக்குப் பாதுகாப்பு, தொழிலாளர் ஆவணங்களுக்குப் பொதுக் காப்பகம்: இவற்றுக்காகப் போராடுவோம். உழைத்தவர் வாழ்ந்தால் அவர்தம் மரபும் வாழும்.