தடை போடுறது சுலபம் சார்!

போன மாதம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நோட்டீஸ் போர்டில் ஓர் அறிவிப்பு தொங்கியது. ‘வளாகத்துக்குள் ராக்கெட் உள்ளிட்ட எந்தப் பறக்கும் பொருளையும் விடக் கூடாது. மீறினால் பெற்றோருக்கு அபராதம். இப்படிக்கு, செயலாளர்.’

விஷயம் இதுதான். இரண்டாவது மாடியில் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன். இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, கார்க் அடைத்து, சைக்கிள் பம்ப்பால் காற்றடித்து விட்டிருக்கிறான். விர்ரென்று கிளம்பிய பாட்டில் நேராகப் போய் செயலாளர் வீட்டு பால்கனியில் துளசித் தொட்டியைச் சாய்த்துவிட்டது.

“சார், நெருப்பே இல்லையே, வெறும் தண்ணிதானே?” என்று கேட்டேன்.

“இன்னிக்கு தண்ணி, நாளைக்கு பெட்ரோல் ஊத்த மாட்டான்னு என்ன நிச்சயம்?” என்றார்.

இதே மனிதர்தான் தீபாவளியன்று அதே வளாகத்தில் பத்தாயிரம் வாலாவை வாசல்வரை விரித்துக் கொளுத்தியவர். அது பண்டிகை. இது பயங்கரம்!

இதை ஏதோ நம்ம ஊர் வியாதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. நிலவுக்கே ஆள் அனுப்பிய அமெரிக்காவில், ஓர் அரசாங்கத் துறை இதே வாதத்தோடு ஒன்பது வருடம் கோர்ட் படி ஏறியது. அந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

*

1957-ல் ரஷ்யா ஸ்புட்னிக்கை அனுப்பியதும் அமெரிக்கப் பையன்களுக்கு ராக்கெட் பைத்தியம் பிடித்தது. இரும்புக் குழாயில் கையில் கிடைத்த ரசாயனத்தைத் திணித்துப் பற்ற வைத்தார்கள். விரல் போனது, கண் போனது. சில வீடுகளில் பிள்ளையே போனான். சரி, என்ன செய்யலாம்? தடை போடலாம். அதுதான் சுலபம்.

ஆனால், வேறு வழியும் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் விஞ்ஞானி இல்லை. நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்ஃபோக் என்ற சிற்றூரில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல். 1954-லேயே அட்டைக் குழாயும் பாதுகாப்பான சின்ன மோட்டாரும் செய்து வைத்திருந்தார். ஒயிட் சாண்ட்ஸ் ராக்கெட் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன், பையன்கள் படும் காயங்களைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்த கார்லைல், தன் ராக்கெட்டை அவருக்கு அனுப்பிவைத்தார். அங்கே பிறந்ததுதான் இந்தப் பொழுதுபோக்கு. கூடவே சில விதிகளும் பிறந்தன. உலோக உடம்பு கூடாது. மருந்தை நீயே இடிக்காதே, கடையில் வாங்கு. தீக்குச்சி வேண்டாம், தள்ளி நின்று மின்சாரத்தால் பற்ற வை.

கவனியுங்கள். ‘விடாதே’ என்று சொல்லவில்லை. ‘இப்படி விடு’ என்று சொன்னார்கள். இரண்டுக்கும் ஒரு தலைமுறை தூரம்.

*

சின்னப் பையன்கள் பெரியவர்கள் ஆனார்கள். ராக்கெட்டும் பெரிதானது. இந்த மோட்டார்களுக்கு ஏ, பி, சி என்று எழுத்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் சக்தி இரட்டிப்பு. நான் பி.காம்., கூட்டு வட்டி என்றால் சட்டென்று புரியும். ‘ஏ’யைப் போல ‘எச்’ 128 மடங்கு. ‘எம்’ 4,096 மடங்கு. ‘எச்’சில் இருந்துதான் ‘ஹை பவர்’ ஆரம்பம்.

வீட்டில்தான் செய்கிறார்கள். கெட்டி அட்டை அல்லது ஃபைபர் கிளாஸ் குழாய்தான் உடம்பு. பிளைவுட்டில் இறக்கை அறுத்து, உடம்பில் கீறல் போட்டு, உள்ளே இருக்கும் மோட்டார் குழாய்வரை நுழைத்து எபாக்ஸி பசையால் ஒட்டுவார்கள். வெறுமனே வெளியே ஒட்டினால் கிளம்பும் வேகத்தில் பிய்த்துக்கொண்டு போய்விடும். எடையின் மையம் எப்போதும் காற்றழுத்த மையத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். புரியவில்லையா? தீபாவளி ராக்கெட்டின் குச்சியை ஒடித்துவிட்டுப் பற்ற வைத்துப் பாருங்கள். வேண்டாம், வேண்டாம், பார்க்காதீர்கள்! எதிர்வீட்டு ஜன்னலுக்குள் போகும். குச்சி செய்யும் வேலையை இங்கே கணக்கும் இறக்கையும் செய்கின்றன.

மூக்குக்குப் பின்னால் உயரமானி, பாராசூட். உச்சிக்குப் போனதும் சின்னப் பாராசூட் விரியும். தரையை நெருங்கும்போது பெரியது விரியும். முதலிலேயே பெரியதைத் திறந்தால் காற்று இழுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

பணம் இருக்கிறது என்பதற்காக யாரும் ‘எம்’ மோட்டார் வாங்கிவிட முடியாது. மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலையில் எச், ஐ. இரண்டாவதில் எழுத்துத் தேர்வு எழுதி ஜே, கே, எல். மூன்றாவதில்தான் எம்முக்கு மேல். ஏவுதளத்தில் ஒரு பாதுகாப்பு அதிகாரி நிற்பார். அவரும் சங்கத்து உறுப்பினர்தான். இறக்கையைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். ஆடினால், “கொண்டு போ வீட்டுக்கு!” ‘எச்’ ரகத்துக்கு 100 அடி தள்ளி நிற்க வேண்டும், ‘எம்’முக்கு 500 அடி. காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டினால் அன்றைக்குக் கடை மூடல்.

எனக்கு ரொம்பப் பிடித்தது தேர்ச்சி விதி. எவ்வளவு உயரம் போச்சு என்பதற்கு மார்க் கிடையாது. மேலே போன ராக்கெட் உடையாமல் கீழே இறங்க வேண்டும். அதைத் தேடி எடுத்துவந்து காட்ட வேண்டும். அப்போதுதான் பாஸ்!

*

இப்படிப்பட்டவர்கள் மேல்தான் அமெரிக்காவின் மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் துறை பாய்ந்தது. இந்த மோட்டார்களில் இருப்பது அம்மோனியம் பெர்குளோரேட், அலுமினியத் தூள், ரப்பர் கலந்த ஒரு கட்டி. நம்ம பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் அடுக்கிலும் இதே குடும்பத்து எரிபொருள்தான். கிட்டத்தட்ட பென்சில் ரப்பர் மாதிரி இருக்கும். நொடிக்கு மில்லிமீட்டர் கணக்கில் எரியும். டைனமைட்டோ நொடிக்கு ஆயிரக்கணக்கான மீட்டர் வேகத்தில் வெடிக்கும். ஆனால் துறையின் பட்டியலில் ரெண்டும் வெடிபொருள்!

62.5 கிராமுக்குள் இருக்கும் மோட்டாருக்கு விலக்கு கொடுத்தார்கள். அதற்கு மேல் போனால் அரசு அனுமதி, விசேஷக் கிடங்கு, கைரேகை. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு, 2002-ல் வந்த சட்டம் கெடுபிடியை இன்னும் இறுக்கியது.

கடுப்பாக்குவது எது தெரியுமா? அதே நாட்டுச் சட்டத்தில், பழங்காலத் துப்பாக்கி சுடும் பொழுதுபோக்குக்காக ஒருவர் 50 பவுண்டு கருமருந்து வாங்கலாம். அதாவது சுமார் 22 கிலோ. மத்திய அரசின் அனுமதி தேவையில்லை. நிஜமாகவே படாரென்று எரியும் கருமருந்து 22 கிலோவுக்குக் கேள்வி கிடையாது. மெல்ல எரியும் ரப்பர் கட்டி 63 கிராம் என்றால் கைரேகை! காரணம் எளிது. துப்பாக்கிக்காரர்களுக்கு ஓட்டு பலம் இருந்தது. ராக்கெட்காரர்களிடம் பசை டப்பாதான் இருந்தது.

2000-ல் இரண்டு ராக்கெட் சங்கங்கள் வழக்குப் போட்டன. செலவு உறுப்பினர்களின் நன்கொடையில். 2003-ல் வயோமிங் செனட்டர் மைக் என்ஸி, இவர்களுக்கு விலக்குக் கேட்டு மசோதா கொண்டுவந்தார். அவரும் கணக்குப் படித்தவர், குடும்பத்துச் செருப்புக் கடையை நடத்தியவர். ராக்கெட்டுக்கும் செருப்புக்கும் அப்படி என்னதான் பூர்வஜென்ம பந்தமோ! ‘தீவிரவாதிக்குப் பயன்பட்டுவிடும்’ என்ற பயத்தின் முன்னால் அந்த மசோதா எடுபடவில்லை.

2006-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் துறையைப் பார்த்துக் கேட்டது ஒரு எளிய கேள்வி. ‘எந்த வேகத்தில் எரிந்தால் வெடிபொருள்? இது எந்த வேகத்தில் எரிகிறது?’ துறையிடம் தெளிவான பதில் இல்லை. 2009 மார்ச் 16-ம் தேதி, வாஷிங்டன் மாவட்ட நீதிபதி ரெஜி வால்டன், பட்டியலில் இருந்து அந்த எரிபொருளை நீக்கும்படி தீர்ப்புச் சொன்னார்.

சரியாக நாற்பதாவது நாள், ஏப்ரல் 25. மேரிலாண்டில் ஒரு வயல்வெளி. ஓஹியோவில் கார்களுக்கு டிங்கரிங் வேலை பார்க்கும் ஸ்டீவ் ஈவ்ஸ், தன் கையால் கட்டிய சாட்டர்ன்-5 மாதிரியை விட்டார். 36 அடி உயரம். 1,648 பவுண்டு எடை. ஒன்பது மோட்டார். நாலாயிரம் அடிக்கு மேலே போய், பாராசூட்டில் தொங்கியபடி நின்ற வாக்கில் வயலில் வந்து இறங்கியது. அவர் பாஸ்!

*

“ஆபத்தே இல்லையா? யாரும் சாகலையா?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். 2020 பிப்ரவரி 22-ம் தேதி, கலிஃபோர்னியாவில் மைக் ஹியூஸ் என்பவர் தானே செய்த நீராவி ராக்கெட்டில் தானே ஏறினார். கிளம்பும்போதே பாராசூட் கிழிந்தது. பாலைவனத்தில் விழுந்து இறந்துபோனார். செயலாளர் கையில் இந்தச் செய்தி கிடைத்தால் லேமினேட் பண்ணி மாட்டிவிடுவார்.

ஆனால், இது என் வாதத்துக்குத்தான் வலு. அமெரிக்க வான்போக்குவரத்து விதிப்படி அமெச்சூர் ராக்கெட் என்றாலே ஆளில்லாததுதான். இறக்கையை ஆட்டிப் பார்க்கும் அதிகாரி ஒருவர் அங்கே நின்றிருந்தால், அவரை ஏணியில் காலே வைக்க விட்டிருக்க மாட்டார். விதிக்குள் இருப்பவனையும் விதிக்கு வெளியே குதிப்பவனையும் ஒரே தராசில் போடுவதுதான் தடை போடுகிறவர்கள் செய்யும் தப்பு. தடை போட்டால் ஒழுங்கானவன் நிறுத்திவிடுவான். துணிந்தவன் மொட்டை மாடிக்குப் போய்த் தனியாகச் செய்வான். அங்கே 100 அடியும் இருக்காது, அதிகாரியும் இருக்க மாட்டார். அப்போதுதான் விரல் போகும்.

தடை போட்ட ஊர்கள் எதை இழந்தன என்பதற்கும் கணக்கு உண்டு. 1926-ல் உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை ராபர்ட் கோடார்ட் விட்டது மாசசூசெட்ஸில், அத்தையின் பண்ணையில். 1929-ல் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, தீயணைப்பு அதிகாரி அவருக்குத் தடை போட்டார். அடுத்த வருடம் மனிதர் நியூ மெக்சிகோவுக்கு மூட்டை கட்டினார். இன்னொரு பக்கம், 2004-ல் கை மைக்கேல்சன் தலைமையில் ஒரு அமெச்சூர் குழு நெவாடா பாலைவனத்தில் இருந்து விட்ட ராக்கெட் விண்வெளியைத் தொட்டது. 2024-ல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள் விட்டது 143 கிலோமீட்டர் போனது. மாணவர்கள், சார்!

*

பையனைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். செயலாளரைத் திட்டுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பான் போல.

“தப்பு உன் பேர்லயும் இருக்குடா. எத்தனை அடி தள்ளி நின்னே? எந்தப் பக்கம் சாய்ச்சு வெச்சே? பாட்டில் எங்கே இறங்கும்னு கணக்குப் போட்டியா?”

தலையைச் சொறிந்தான். “இல்ல அங்கிள்.”

“அப்போ நீ ஃபெயில்.”

மறுநாள் நோட்டீஸ் போர்டில், தடை அறிவிப்புக்குக் கீழே, கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. கோணல் கையெழுத்தில் ஏழு விதிகள். பின்பக்கக் காலி மனையில் மட்டும். ஞாயிறு காலை ஏழிலிருந்து எட்டு வரை மட்டும். பால்கனிகளில் இருந்து 100 அடி. காற்று அடித்தால் கிடையாது. பாராசூட் இல்லாமல் கிடையாது. பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். ஏழாவது விதி இதுதான்: ‘செயலாளர் அங்கிள் செக் பண்ணி ஓகே சொன்னால்தான் விட வேண்டும்.’

அதற்குக் கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறான். மூன்று வாரமாகக் காலியாக இருக்கிறது. தினமும் லிஃப்டுக்குப் போகும்போது பார்க்கிறேன்.

சார், பேனா வேணுமா?