தேய்ந்த இடத்தை என்ன செய்வது?

பழைய பின்பால் இயந்திரம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தவனிடம் வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, எப்போது இதைப் புதிது போல் ஆக்கப்போகிறாய் என்பதுதான். ஓடுமா, ஆட முடியுமா என்பதெல்லாம் பிறகு. புதிது போல் ஆவதே ஒரு பழைய பொருளுக்குக் கிடைக்கக்கூடிய உச்சபட்ச மரியாதை என்று நாம் எப்படியோ நம்பத் தொடங்கிவிட்டோம். அந்த நம்பிக்கை தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. தவறு என்பதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் கையால் ஒன்றைக் கெடுத்த பிறகே தெரிந்துகொண்டேன்.

என்னிடம் இருப்பது 1970களில் சிகாகோவின் கோட்லீப் நிறுவனம் செய்த இயந்திரங்களுள் ஒன்று. இலினாய் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில், மூடப்பட்ட மதுக்கடையின் நிலவறையில் இருந்து வந்தது. கால்கள் துருவேறியிருந்தன. எண்ணிக்கை காட்டும் உருளைகள் நடுவழியில் நின்றுபோயிருந்தன. பக்கச் சட்டத்தின் மீது, யாரோ பந்தைக் கவனித்துக்கொண்டே மறந்துவைத்த சிகரெட்டுகளின் தீய்ந்த தடங்கள் வரிசையாக இருந்தன.

இந்த விளையாட்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸில் பிரபுக்கள் ஆடிய பகட்டெல் என்னும் மேசையாட்டத்தில் கோலால் பந்தைத் தள்ளுவார்கள். 1871இல் சின்சினாட்டியில் இருந்த மாண்டேகு ரெட்கிரேவ், கோலுக்குப் பதிலாக ஸ்பிரிங் வைத்த உந்துகோலைப் பொருத்திக் காப்புரிமை பெற்றார். 1931இல் டேவிட் கோட்லீப் ஒரு சென்ட் காசுக்கு ஆடக்கூடிய 'பேஃபிள் பால்' என்ற பெட்டியை விற்றார். பொருளாதார வீழ்ச்சியின் காலம். வேலையற்றவனுக்கும் ஒரு சென்ட் பொழுதுபோக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பந்தைத் திருப்பியடிக்கும் ஃபிளிப்பர்கள் 1947இல் 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற இயந்திரத்தில்தான் வந்தன. அதற்குமுன் உந்திவிட்ட பந்து எங்கே விழும் என்பதில் பெரும்பகுதி அதிர்ஷ்டமே. ஆகவே இதைச் சூதாட்டம் என்று 1942 ஜனவரியில் நியூயார்க் நகரம் தடைசெய்தது. மேயர் லகார்டியா சம்மட்டியோடு இயந்திரங்களை நொறுக்கும் புகைப்படங்கள் இன்றும் கிடைக்கின்றன. 1976 ஏப்ரலில் ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர் நகரசபையினர் முன்னால் ஆடிக்காட்டி, பந்து எந்தத் தடத்தில் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லி உந்துகோலை விட, பந்து அங்கேயே இறங்கியது. தடை நீங்கியது. திறமை என்று நிரூபித்த அந்த ஒரு அடியில் அதிர்ஷ்டமும் இருந்தது என்று அவரே பிற்பாடு ஒத்துக்கொண்டார்.

ஆக, இது நொறுக்கப்படுவதற்கென்றே ஒரு காலத்தில் குறிவைக்கப்பட்ட பொருள். தப்பியவையும் நீண்டகாலம் இருப்பதற்காகச் செய்யப்படவில்லை. சில ஆண்டுகள் காசு ஈட்டித் தந்தால் போதும் என்பதே செய்தவர்களின் கணக்கு. அரைநூற்றாண்டு கழித்து ஒருவன் இதன்முன் பஞ்சும் தூரிகையுமாக உட்காருவான் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

*

மேல்கண்ணாடியை உருவி எடுத்து, ஆட்டப்பலகையைத் தூக்கி நிறுத்தினால் அடியில் தெரிவது இன்னொரு உலகம். 1970களின் இறுதியில் மின்னணுச் சில்லுகள் பரவும்வரை இந்த இயந்திரங்களுக்கு மூளை என்று தனியாக ஒன்று கிடையாது. ரிலேக்கள், படிப்படியாக நகரும் சக்கரங்கள், பெட்டியின் தரையில் சுழலும் ஒரு மோட்டார், நூறுக்கும் மேற்பட்ட தகட்டு ஸ்விட்சுகள், துணி உறையிட்ட வண்ணக் கம்பிகள். நினைவாற்றல் என்பது இங்கே ஒரு சக்கரம் எந்தப் பல்லில் நிற்கிறது என்பது மட்டுமே. மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போனாலும் உருளைகள் கடைசி ஆட்டத்தின் புள்ளிகளைக் காட்டிக்கொண்டு நிற்கும். நிலவறையில் அதை நான் பார்த்தபோது, யாரோ எப்போதோ ஆடிய கடைசி ஆட்டத்தின் எண் அங்கே இருந்தது.

சுத்தம் செய்வதில் முதல் விதி, எதையும் கழற்றுமுன் படமெடுத்துக்கொள்வது. இரண்டாவது, தண்ணீரை விலக்குவது. ஆட்டப்பலகை ஒட்டுப்பலகையால் ஆனது. அதன்மேல் பட்டுத்திரை அச்சில் ஒவ்வொரு நிறமாக இட்டு, மேலே மெல்லிய மெருகு பூசியிருப்பார்கள். மெருகு வெடித்த இடத்தில் ஈரம் இறங்கினால் மரம் ஊதி, நிறம் செதிலாகக் கழன்றுவரும். ரப்பர் வளையங்கள், விளக்குகள், தூண்கள் அனைத்தையும் கழற்றியபின் பலகையில் படிந்திருப்பது கருமையான ஒரு மாவு. உலோகமும் ரப்பரும் கம்பிச்சுருளின் உள்ளுறையும் தேய்ந்து உதிர்ந்த தூள். மென்மையான துணியும் பொருத்தமான மெருகுக்குழம்பும் பொறுமையும் இருந்தால் அதில் பெரும்பகுதி வந்துவிடும். பிறகு கார்னாபா மெழுகு. அது பலகையை மினுக்குவதற்கு அன்று, பந்துக்கும் நிறத்துக்கும் நடுவே ஒரு தோலாக இருப்பதற்கு.

பந்தை மாற்றிவிட வேண்டும். 27 மில்லிமீட்டர் குறுக்களவும் ஏறத்தாழ 80 கிராம் எடையும் கொண்ட எஃகுக் குண்டு அது. சிறு வடுக்கள் விழுந்துவிட்டால் உருளும் உப்புத்தாளாக மாறிவிடும். ரப்பர் வளையங்களையும் கம்பிச்சுருளின் உறைகளையும் தயங்காமல் மாற்றலாம். அவை தேய்வதற்காகவே வைக்கப்பட்டவை. பிறவற்றின் தேய்மானத்தைத் தாங்கள் வாங்கிக்கொள்பவை. உறைக்குள் எண்ணெய் விடுவது மட்டும் கூடாது. எண்ணெய் தூளோடு சேர்ந்து பசையாகி உலக்கையை உள்ளேயே பிடித்துக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை ஸ்விட்சுகளைச் சரிசெய்வது. தகட்டை விரலளவில், இல்லை, மயிரளவில் வளைக்க வேண்டும். இரண்டு முனைகளும் வெறுமனே தொட்டால் போதாது. தொட்டபின் ஒன்றின்மேல் ஒன்று இலேசாக வழுக்க வேண்டும். அந்த உராய்வில்தான் அவை தம்மைத்தாமே துடைத்துக்கொள்கின்றன. பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற மின்பணியாளர் கண்ணை மூடிக்கொண்டு, ஓசையை வைத்தே எது சரியில்லை என்று சொல்வார். நான் நான்கு மாலைகள் தேடிய பிழையை அவர் தலையைச் சாய்த்துக் கேட்ட இரண்டு நிமிடங்களில் காட்டினார். அந்தச் செவி எந்தக் கையேட்டிலும் அச்சாகவில்லை.

*

இனி நான் கெடுத்த கதை.

பலகையின் கீழ்ப்பகுதியில், ஃபிளிப்பர்களுக்கு மேலே, ஒரு பெண்ணுருவின் தோள் வரும் இடத்தில் அழுக்கு வளையங்கள் ஆழமாகப் பதிந்திருந்தன. மெருகின் வெடிப்புகளுக்குள் புகுந்துவிட்ட கருமை அது. மெலமைன் பஞ்சில் ஆல்கஹாலை நனைத்துத் தேய்த்தால் போகும் என்று படித்திருந்தேன். போயிற்று. வெண்மை தெரியத் தெரிய எனக்குள் ஒருவிதமான வெறி வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தேய்த்தேன். அந்தப் பஞ்சு பார்ப்பதற்குத்தான் மென்மை. அதன் உள்ளியல்பு மிக நுண்ணிய உப்புத்தாள். அழுக்கு போய், மெருகு போய், தோளின் இளஞ்சிவப்பு பஞ்சில் வந்து நின்றபோதுதான் கை நின்றது. பலகையில் ஒரு நாணயத்தின் அளவுக்கு வெறும் மரம் தெரிந்தது.

ஐம்பதாண்டுக் காலப் பந்தோட்டமும் புகையும் நிலவறை ஈரமும் செய்யாததை ஒரு பிற்பகலின் சுத்த உணர்ச்சி செய்துவிட்டது.

இதைச் சொன்னபோது தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே தீர்வைத்தான் சொன்னார்கள். நிறம் கலந்து தீட்டிவிடு. பலகை முழுவதையும் சமன்செய்து, கார்களுக்கு அடிக்கும் இருகலவை கிளியர் கோட்டை அதன்மேல் அடித்துவிடு. கண்ணாடி போல் ஆகிவிடும். உண்மைதான், ஆகிவிடும். அப்படிச் செய்யப்பட்ட பலகைகளைப் பார்த்திருக்கிறேன். நம் முகம் தெரியும். செய்தவர்களின் உழைப்பையும் நான் இழிவாகச் சொல்லமாட்டேன். நச்சுப்புகைக்கு முகமூடி அணிந்து, அடித்து, உலரவைத்து, தேய்த்து, மறுபடி அடித்து மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். அவர்களுடைய வாதமும் எளிதில் ஒதுக்கக்கூடியதன்று. தேய்மானம் தானாக நிற்பதில்லை. வெடித்த மெருகை அப்படியே விட்டால் ஒவ்வொரு ஆட்டத்திலும் நிறம் உதிரும். எதையும் தொடாமல் வைத்திருப்பது மரியாதை என்று நினைத்துக்கொண்டு அழிவுக்குத் துணைபோவதும் உண்டு. ஆட்டத்தையே நிறுத்திவிட்டால் அது இயந்திரத்தின் சவம். லாஸ் வேகாஸிலும் கலிஃபோர்னியாவின் அலமீடாவிலும் உள்ள பின்பால் அருங்காட்சியகங்கள் வருகிறவர்களை ஆடவிடுவது இதனால்தான்.

ஆனால் பளபளப்பு எதை எடுத்துக்கொள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். முதலாவதாக, ஆட்டத்தையே. பழைய மெருகின்மேல் பந்து உருளும் வேகம் ஒன்று. கடினமான கண்ணாடித் தோலின்மேல் உருளும் வேகம் வேறு. வடிவமைத்தவன் மனத்தில் இருந்த கால அளவு மாறிவிடுகிறது. இரண்டாவதாக, கையை. பட்டுத்திரை அச்சில் ஒரு நிறம் இன்னொன்றின்மேல் இம்மியளவு விலகி விழுந்திருக்கும். அன்றைய தொழிற்கூடத்தின் ஒரு நாள் அந்த விலகலில் இருக்கிறது. கணினியில் செப்பனிட்டுத் திரும்ப அச்சிட்ட படத்தில் அது இருப்பதில்லை. மூன்றாவதாக, ஆடியவர்களை. ஃபிளிப்பருக்கு எதிரே நிறம் குறைந்திருப்பது ஏன்? ஆயிரமாயிரம் பேர் அங்கிருந்துதான் குறிபார்த்தார்கள். பலகையின் தேய்மானம் அந்த ஆட்டத்தின் எழுதப்படாத வரலாறு.

கோட்லீபின் எழுபதுகளைத் தீட்டிய கார்டன் மோரிசனையோ, பேலியின் 'ஃபயர்பால்' இயந்திரத்துக்கு (1972) வரைந்த டேவ் கிறிஸ்டென்சனையோ ஓவியர் என்று அருங்காட்சியகங்கள் அன்று அழைத்ததில்லை. மதுக்கடைகளின் மூலையில்தான் அவர்களுடைய காட்சிக்கூடம் இருந்தது. அவர்கள் கோட்டின்மேல் நாம் கோடு போடுவதற்கு முன் கொஞ்சமாவது கூச வேண்டாமா?

என்னளவில் ஒரு விதியை வகுத்துக்கொண்டேன். செய்வதைத் திரும்ப அவிழ்க்க முடியுமா? முடியுமென்றால் செய்யலாம். முடியாதென்றால் நூறு முறை யோசிக்க வேண்டும்; செய்யாவிட்டால் பொருளே அழியும் என்ற நிலையில் மட்டும் செய்ய வேண்டும். மெழுகைத் துடைத்தெடுக்கலாம். ரப்பரை மாற்றலாம். தகட்டை மறுபடி வளைக்கலாம். கிளியர் கோட்டை உரித்தால் படமும் உடன் வரும்.

இந்த விதி பழமைக்கு மட்டும் சாதகமானதன்று. எல்.ஈ.டி. விளக்குகளைப் பலர் வெறுக்கிறார்கள். நானும் அவற்றின் நீலவெண்மையை வெறுக்கிறேன். இழைவிளக்கின் மஞ்சள் ஒளிக்காகத் தீட்டப்பட்ட முகங்கள் அதில் நோயாளிகளாகத் தெரிகின்றன. ஆனால் புள்ளிகள் காட்டும் பின்கண்ணாடியின் ஓவியம் கண்ணாடியின் உட்புறத்தில் அச்சிடப்பட்டது. நேர் பின்னால் எரியும் விளக்குகளின் சூட்டில் அது காய்ந்து, செதில்செதிலாக உதிர்கிறது. 44ஆம் எண் பல்பு 250 மில்லி ஆம்பியர் இழுக்கும். 47ஆம் எண் 150தான். மங்கலுக்கு ஒப்புக்கொண்டு 47ஐப் போடலாம். அல்லது வெதுவெதுப்பான நிறமுள்ள எல்.ஈ.டி.யைப் போடலாம். நாளைக்கு வருகிறவனுக்குப் பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிட்டுப் போகட்டும். இங்கே புதியதுதான் பழையதைக் காப்பாற்றுகிறது.

புதிது போன்ற அனுபவம் வேண்டுமென்றால் புதிதாகவே செய்யலாமே. 1997இல் வந்த 'மீடீவல் மேட்னெஸ்' என்ற புகழ்பெற்ற இயந்திரம் 2015இல் மறுபடியும் தயாரிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. அதில் யாருக்கும் நட்டமில்லை. பழையது பழையதாகவே இருக்க, புதியது பக்கத்தில் நிற்கிறது.

ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்கிறவர் செல்லரித்த இடத்தில் புள்ளிகள் இட்டு விட்டுவிடுகிறார். அவருக்கு அந்தச் சீரை யாத்து நிரப்பத் தெரியாமல் இல்லை. நிரப்பிவிட்டால் எது மூலம், எது தன்னுடையது என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியாமல் போகும் என்பதால் விடுகிறார். அந்தப் புள்ளிகளைப் பார்த்து நாம் பாட்டு குறைந்துவிட்டது என்று எண்ணுவதில்லை. பதிப்பாசிரியரை நம்புகிறோம்.

என் இயந்திரம் இப்போது ஓடுகிறது. மணிகள் அடிக்கின்றன. உருளைகள் தடங்கலின்றிப் பூச்சியத்துக்கு வந்து நிற்கின்றன. சிகரெட் தடங்கள் இருந்த இடத்தில் இருக்கின்றன. தோளில் நாணய அளவு மரமும் தெரிகிறது. அதன்மேல் நிறம் தீட்டவில்லை. மரம் சிலாம்பாமல் இருக்க ஒரு துண்டு மைலர் மட்டும் ஒட்டியிருக்கிறேன். பெட்டியின் உட்சுவரில் பழைய பழுதுகாரர் ஒருவர் பென்சிலால் தேதிகளும் மாற்றிய உறுப்புகளும் குறித்துவைத்திருந்தார். அதற்குக் கீழே நானும் ஒரு தாளில் எழுதி ஒட்டினேன்: எந்தெந்த ஸ்விட்சுகள், எத்தனை ரப்பர்கள், என்ன விளக்குகள். கடைசி வரியாக, தோளில் நிறம் போனது ஆட்டத்தினால் அன்று, நான் அதிகம் தேய்த்ததனால், என்று.