சமவெளியில் ஒரு கருங்கோட்டை

யப்பானியர் தம் நாட்டுக் கோட்டைகளை மூவகையாகப் பிரித்து வழங்குவர். மலையுச்சியில் அமைந்தது ஒன்று. குன்றையும் அதன் அடிவாரத்தையும் சேர்த்து அமைந்தது மற்றொன்று. மலையின் துணை சிறிதுமின்றிச் சமவெளியில் எழுந்தது பிறிதொன்று. மூன்றாம் வகைக்குச் சிறந்த சான்றாக இன்றும் நிற்பது, நகானோ மாகாணத்திலுள்ள மற்சுமோட்டோக் கோட்டையாகும்.

தூரத்தே பனி படர்ந்த மலைத்தொடர். அருகே அகலமான அகழி. இடையே கரிய அரக்குப் பூசிய பலகைகளும் வெண்சுதைச் சுவர்களும் கொண்ட கோபுரம். அதன் கருநிறங் கண்டு ‘காகக் கோட்டை’ என்றும் மக்கள் இதனை அழைப்பர்.

இசிகாவா கசுமசா என்னும் சிற்றரசரும் அவர்தம் மைந்தர் யசுநாகாவும் 1590களில் இதன் பெருங்கோபுரத்தை எழுப்பினர். அது போர் மலிந்த காலம். வெளியிலிருந்து நோக்குவார்க்கு ஐந்து நிலைகளே தோன்றும். உள்ளேயோ ஆறு தளங்கள் உள. சாளரமற்ற தளமொன்று பகைவர் கண்ணுக்குப் புலப்படாது மறைந்திருக்கிறது. படிகளுட் சில 61 பாகை வரை செங்குத்தானவை. அம்பெய்ய நீண்ட துளைகளும், துப்பாக்கி சுடச் சதுரத் துளைகளும் சுவர்களில் உள்ளன.

போர் ஓய்ந்தபின், 1630களில், மற்சுதைரா நவோமசா என்பார் இக்கோபுரத்தோடு நிலா மண்டபமொன்றை இணைத்தார். செந்நிறக் கைபிடி சூழ, மூன்று புறமும் திறந்து கிடக்கும் அம்மண்டபத்தில் போர்க்கருவிக்கு இடமே இல்லை. படைத்தலைமை ஆட்சியாளர் இயேமித்சுவின் வருகையை எதிர்பார்த்து அது கட்டப்பட்டது என்பர். அவர் வரவில்லை, நிலவு மட்டும் தவறாது வருகிறது.

சமவெளிக் கோட்டைக்குப் பகைவரினும் பெரிய இடர் அதன் கீழிருந்த இளகிய மண்ணே. சுமார் 1000 தொன் நிறையுள்ள கோபுரத்தைத் தாங்குதற்கு, கல் அடித்தளத்தினுள் 16 மரத்தூண்களை நாட்டியிருந்தனர். காலப்போக்கில் அவை உளுத்தன, கோபுரமும் சாய்ந்தது. ஊரார் இதற்கு வேறொரு காரணம் கூறினர். 1686இல் நெல்வரியைக் குறைக்குமாறு உழவரைத் திரட்டி முறையிட்ட தாடா கசுகே என்பார் கொலைத்தண்டனை பெற்றார். உயிர் பிரியும் வேளையில் அவர் கோட்டையை உறுத்து நோக்கினார்; அந்நோக்கினாலேயே கோபுரம் சாய்ந்தது என்பது கதை. சாய்வுக்குக் காரணம் உளுத்த மரம். கதைக்குக் காரணம் உழவர் நெஞ்சத்து ஆறாத புண்.

1871இல் மெய்ஜி அரசு சிற்றரசுகளை ஒழித்தது. கோட்டைகள் பழைமையின் சுமையாகக் கருதப்பட்டன. 1872இல் மற்சுமோட்டோவின் பெருங்கோபுரமும் ஏலத்திற் போயிற்று. இடித்து மரமும் இரும்பும் கொள்வதே எடுத்தவர் நோக்கம். அப்பொழுது இச்சிகாவா ரியோசோ என்னும் உள்ளூர்ப் பெரியார் முன்வந்தார். இடிப்பதைத் தள்ளிவைக்குமாறு வேண்டி, அக்கோபுரத்தினுள்ளேயே பொருட்காட்சிகளை நடத்திப் பணந் திரட்டினார். கோபுரம் மீட்கப்பட்டது.

எனினும் சாய்வு நீங்கவில்லை. 1901இல், அங்குள்ள நடுத்தரப் பள்ளியின் அதிபர் கொபயாசி உனாரி பாதுகாப்புச் சங்கமொன்றை நிறுவினார். 1903 முதல் 1913 வரை திருத்த வேலைகள் நடைபெற்றன. பின்னர் 1950 முதல் 1955 வரை கோபுரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் செப்பனிட்டு, உளுத்த தூண்களின் பணியைக் கொங்கிறீற்றிடம் ஒப்படைத்தனர். இடையில், 1952இல், இது தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. பழைய பெருங்கோபுரம் அழியாது நிற்கும் கோட்டைகள் யப்பானில் இன்று 12 மட்டுமே. அவற்றுள் இதுவும் ஒன்று.

கரிய அரக்கு வெயிலுக்கும் மழைக்கும் நெடுநாள் தாங்காது. ஆதலால் ஆண்டுதோறும் கைவினைஞர் வந்து பழையதைத் துடைத்துப் புதிதாகப் பூசுகின்றனர். அடுத்த ஆண்டும் அதே வேலை. அதற்கடுத்த ஆண்டும் அதுவே.

முன்னோர் செல்வத்தைப் போற்றுவோம் என மேடையிற் கூறுதல் எளிது. ஓர் ஊரவர் ஏலப் பொருளை மீட்டார். ஓர் ஆசிரியர் சாய்ந்ததை நிமிர்த்த முயன்றார். பெயரறியாக் கைவினைஞர் இன்றும் அரக்குப் பூசுகின்றனர். மாணவர்களே, போற்றுதல் என்பது இதுவன்றோ?