இரைச்சலும் ஒரு பாடபேதம்

பழைய ஒலிநாடாக்களை வீட்டுக் கணினியில் டிஜிட்டல் பதிவாக மாற்றுவதைப் பலரும் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்றே கருதுகிறார்கள். இலங்கையில் வாழும் இசை ரசிகர்களைப் பொறுத்தவரை அது பொழுதுபோக்கைவிடப் பொறுப்பான காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏட்டுச்சுவடிகளை அச்சுக்குக் கொண்டுவந்த பதிப்பாசிரியரின் பணிக்கு அது மிக நெருக்கமானது. அப்படி ஒப்புக்கொண்டால், பதிப்பாசிரியருக்குரிய ஒழுங்குகளுக்கு நாமும் கட்டுப்பட வேண்டியிருக்கும்.

முதலில், ஏன் இந்த அவசரம்? ஒலிநாடா என்பது மெல்லிய நெகிழிப் பட்டையின்மேல் பசையால் பிடித்துவைக்கப்பட்ட காந்தத் துகள்தான். தீவின் ஈரக்காற்று அந்தப் பசையை இளக்குகிறது. நாடாவில் பூஞ்சணம் படர்கிறது. கடலோர வீடுகளில் உப்புக்காற்று ஒலிக்கருவியின் உலோகப் பாகங்களையும் விட்டுவைப்பதில்லை. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கசெட்டை இயக்கும் தரமான கருவிகளும், அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளும் அருகி வருகின்றன.

இயற்கையோடு போரும் சேர்ந்துகொண்டது. 1990க்குப் பின் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருந்த ஆண்டுகளில், பற்றரிகளும் தடைசெய்யப்பட்டிருந்த நிலையில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலியும் பாட்டும் கேட்டார்கள். 1995இன் பெரும் இடப்பெயர்வில் கையில் கொண்டுபோக முடிந்ததே மிஞ்சியது. இத்தனையையும் கடந்து ஒரு நாடா நம் மேசைக்கு வந்து சேர்கிறது என்றால், அதை எப்படிக் கையாள்கிறோம் என்பது சிறிய விஷயமல்ல.

ஆனால் நடப்பது என்ன? நாடாவை ஓடவிட்டு, கணினியில் ஏற்றியதும், இரைச்சல் நீக்கும் மென்பொருளிடம் ஒப்படைத்துவிடுகிறோம். 'ஸ்ஸ்' என்ற பின்னணி ஓசை மறைகிறது. கேட்க வழவழப்பாக இருக்கிறது. மூலப்பதிவை அழித்துவிட்டு இந்த வழவழப்பை மட்டும் சேமிக்கிறோம்.

தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1975இல் மறைந்தார். அவரைப் போன்றோரின் வாசிப்பு நம்மிடம் எஞ்சியிருப்பதில், கோயில் வீதிகளில் நடந்த மேளச்சமாக்களை ரசிகர்கள் பதிவுசெய்து காத்துவைத்த நாடாக்களுக்குப் பங்கு உண்டு. கூடு மாட்டிய விரல்கள் வலந்தலையில் விழும் அந்தக் கணத்தின் கூர்மையில்தான் தவிலின் உயிர் இருக்கிறது. மென்பொருளை அளவுமீறி முடுக்கினால் முதலில் மழுங்குவது அந்தக் கூர்மையே. கூட்டத்தின் முணுமுணுப்பும், தீர்மானம் முடியும்போது எழும் ஆரவாரமும் சேர்ந்தே தேய்ந்துபோகின்றன. ஊர் ஒன்று இருந்ததற்கான சாட்சியங்கள் அவை.

சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். பின்வந்த உ. வே. சாமிநாதையர் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்துவைத்தார். விளங்காத சொல்லைத் தன் விருப்பம்போல் மாற்றிவிட்டு, மூல ஏட்டை ஆற்றில் விடுபவரை நாம் பதிப்பாசிரியர் என்று அழைக்கமாட்டோம். இன்று புரியாத வரி நாளை வேறொருவருக்குப் புரியலாம். இன்று இரைச்சல் என்று படுவதிலிருந்து நாளைய மென்பொருள் இன்னும் நுட்பமாக இசையைப் பிரித்தெடுக்கலாம். மூலம் இருந்தால்தான் அது நடக்கும்.

"கேட்கச் சுகமாக இருந்தால்தானே இளையவர்கள் கேட்பார்கள்?" என்று நண்பர்கள் வாதிடுவதுண்டு. நியாயமான கேள்வி. கேட்பதற்கென்று துப்புரவான பிரதி ஒன்றைத் தனியே தயாரிப்பதில் எனக்கு மறுப்பில்லை. உரையாசிரியருக்கும் இடமுண்டு; ஆனால் உரை மூலத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டும் என்பதும் ஒரு மயக்கம். சாதாரணக் கசெட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே கிடைக்கும் வீச்சு ஏறத்தாழ 50 முதல் 60 டெசிபெல். இறுவட்டின் 16 பிட் தரம் கோட்பாட்டளவில் 96 டெசிபெல் வரை தாங்கும். வினாடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் அந்தத் தரமே ஒரு கசெட்டுக்குத் தாராளம். அதற்கு மேலான எண்களைத் துரத்துவதைவிட, கருவியின் ஒலித்தலையைத் துடைத்து, அதன் சாய்வை ஒவ்வொரு நாடாவுக்கும் ஏற்பத் திருகிச் சரிசெய்வது பெரும் பலன் தரும். ஒரு மணிநேரப் பதிவு சுமார் 635 மெகாபைட் இடம் பிடிக்கும். 2001இல் வெளியான ஃபிளாக் வடிவத்தில் எதையும் இழக்காமல் அதைப் பெரும்பாலும் பாதி அளவுக்குச் சுருக்கலாம். எம்பி3 வடிவமோ காதுக்கு எட்டாது என்று தான் கணித்தவற்றைக் கழித்துவிடுகிறது. கைபேசியில் கேட்க அது போதும், காப்பகத்துக்குப் போதாது.

கருவியைவிட அதிகம் தேவைப்படுவது பொறுமை. 90 நிமிட நாடாவுக்கு 90 நிமிடம் உட்கார வேண்டும். 200 நாடாக்கள் என்றால் 300 மணிநேரம். ஞாயிறுதோறும் மூன்று மணிநேரம் ஒதுக்கினால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். அந்த நேரத்தில் எந்தக் கோயில், எந்த ஆண்டு, யார் நாதஸ்வரம், யார் தவில், என்ன ராகம், யார் பதிவுசெய்தது என்பதைக் கேட்டறிந்து எழுதிவைக்கலாம். விவரமற்ற ஒலிக்கோப்பு முன்னும் பின்னும் கிழிந்த ஏடு போன்றது.

கடைசியாக, நம் சேகரிப்பாளர்களிடம் ஒரு வார்த்தை. அரிய பதிவு தன்னிடம் மட்டுமே இருக்கிறது என்ற பெருமை நம்மிடையே உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களுக்கிடையே, வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் இருந்தன. ஒற்றைப் பிரதியின் கதி என்னவாகும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கலைஞர்களின் குடும்பத்தாரிடம் இசைவு பெற்று, குறைந்தது மூன்று பிரதிகள் எடுங்கள். ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும். இன்னொன்று, 2005 முதல் ஈழத்து ஆவணங்களைத் திரட்டிவரும் 'நூலகம்' போன்ற பொது முயற்சியிடம் போகட்டும். மூன்றாவதைக் கடல்கடந்து வாழும் உறவினர் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். தீவில் இருப்பவர்களுக்கு அந்த மூன்றாவது பிரதி மிக அவசியம்.