சந்தா முகவர் தேர்வும் தமிழ் இதழ்த் தொகுதிகளின் தொடர்ச்சியும்

இதழியல் ஆய்வில் ஈடுபடுவோர் நூலகத்தில் முதலில் தேடுவது கட்டடம் செய்யப்பெற்ற ஆண்டுத் தொகுதிகளையே. பன்னிரண்டு இதழ்கள் இருக்கவேண்டிய தொகுதியில் ஒன்பதோ பத்தோ இருப்பது தமிழ்த்துறை நூலகங்களில் அரிய காட்சியன்று. தொடர்கட்டுரை ஒன்றின் தொடக்கமும் முடிவும் கிடைத்து நடுப்பகுதி கிடைக்காதபோது, ஆய்வாளர் சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை நாடிச் செல்கிறார். இயலாதவர் அப்பகுதியைக் காணாமலேயே ஆய்வேட்டை முடிக்கிறார். இவ்விடைவெளிக்கு அஞ்சல்துறையைக் குறைகூறுவது வழக்கம். ஆயின், சந்தா முகவரைத் தேர்ந்தெடுக்கும் கோப்பிலேயே அக்குறை தொடங்கிவிடுவதும் உண்டு.

நூறு இதழ்களுக்குத் தனித்தனியே பணம் அனுப்பிப் புதுப்பிக்கும் சுமையை முகவர் குறைக்கிறார் என்பது மறுக்கவியலாதது. ஒரே விலைப்பட்டியல், அயல்நாட்டு நாணய மாற்று, புதுப்பிப்பு நினைவூட்டல் ஆகியன அவர்தம் பணிகள். நிதியாண்டு ஏப்ரலிலும் இதழாண்டு சனவரியிலும் தொடங்குவதால் எழும் சிக்கலையும் அவரே ஓரளவு தாங்குகிறார். சிக்கல் தேர்வுமுறையில் உள்ளது. நாற்காலி வாங்கும் அதே ஒப்பந்தப்புள்ளி முறையில், மிகுதியான தள்ளுபடி தருபவரே முகவராகிறார். இதழின் விலையை வெளியீட்டாளர் முடிவுசெய்கிறார். முகவருக்குக் கிடைப்பது அவர் தரும் கழிவு மட்டுமே. அக்கழிவையும் விஞ்சிய தள்ளுபடியை ஒருவர் தர முன்வந்தால், அத்தொகை எங்கிருந்து வருகிறது என்ற வினாவைக் கொள்முதல் குழு எழுப்பவேண்டும். பணியைக் குறைத்தோ, நூலகம் செலுத்திய முன்பணத்தைச் சில திங்கள் தம்மிடமே வைத்திருந்தோதான் அதனை ஈடுகட்ட இயலும்.

முன்பணத்தின் இடர் கற்பனையன்று. அமெரிக்காவில் ரோகாம் என்னும் சந்தா நிறுவனம் 2003ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நொடித்தபோது, நூலகங்கள் செலுத்தியிருந்த தொகை வெளியீட்டாளர்களைச் சென்றடையவில்லை. வெளியீட்டாளர் பலர் பணம் பெறாமலேயே இதழ்களை அனுப்ப இசைந்தமையால் இழப்பு ஓரளவு தணிந்தது. 1901இல் ஆம்ஸ்டர்டாமில் தோன்றிய சுவெட்சு நிறுவனம் 2014 செப்டம்பரில் திவாலானது. (மதுரையில் நான்காம் தமிழ்ச்சங்கம் நிறுவப்பட்டதும் அதே 1901ஆம் ஆண்டில்தான்.) நூற்றாண்டு கடந்த நிறுவனத்துக்கே இந்நிலையெனில், முன்பணத்துக்கு ஈடாக வங்கி உத்தரவாதமும், வெளியீட்டாளருக்குப் பணம் சென்றதற்கான பற்றுச்சீட்டும் கேட்பதில் பிழையில்லை. பல நூலகங்களில் முகவரது விலைப்பட்டியல் மட்டுமே கோப்பில் உள்ளது, பற்றுச்சீட்டு இல்லை.

இன்றைய சூழலில் இவ்வினா புதிய கூர்மை பெறுகிறது. ஒன்றிய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. 2025 முதல் 2027 வரையிலான மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு, 30 பன்னாட்டு வெளியீட்டாளர்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. அவ்வளவில் முகவரின் தேவை நீங்குகிறது. எஞ்சி நிற்பவை அச்சு வடிவில் மட்டும் வரும் தமிழ் ஆய்விதழ்களும் சிற்றிதழ்களுமே. சில நூறு ரூபாய்ச் சந்தாவில் முகவருக்குக் கிட்டும் கழிவு, வராத இதழுக்காக எழுதும் கடிதச் செலவுக்கும் போதாது. ஆகவே அக்கடிதம் எழுதப்படுவதில்லை. பெரிய வெளியீட்டாளரின் இதழ் தவறினால் மின்படி உண்டு. குறைந்த படிகளே அச்சிடும் தமிழ் இதழாசிரியரிடம் ஆறு திங்கள் கழித்துக் கேட்டால் கைப்படிகூட இராது. நா. வானமாமலை 1969இல் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ போன்ற இதழ்களின் முழுத் தொகுதியை இன்று தேடுவோர் இதன் விலையை அறிவர்.

ஆதலின் தமிழ்த்துறை நூலகம் முகவரை மதிப்பிடும்போது தள்ளுபடியினும் முதன்மையாக நோக்கத்தக்கது, முந்தைய ஆண்டுகளில் வராத இதழ்களுள் எத்தனையை அவர் பெற்றுத்தந்தார் என்பதே. வருகைப் பதிவேட்டை ஒழுங்காகப் பேணும் நூலகம் இதனை ஒரு நாளில் கணக்கிட்டுவிடலாம். பேணாத நூலகத்துக்கு எந்த முகவரும் உதவ இயலாது. வராத இதழுக்கு முப்பது நாளுக்குள் நூலகம் கோரிக்கை விடுப்பதும், முகவர் அதன்மேல் எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தெரிவிப்பதும், தவறின் அவ்விதழின் விலை திரும்பப் பெறப்படுவதும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். வரும் இதழாண்டுக்கான தொகை அக்டோபருக்குள் ஒப்பளிப்புப் பெறவேண்டியது நிருவாகத்தின் கடமை; மார்ச்சில் பணம் தந்துவிட்டு சனவரி இதழ் வரவில்லையென முகவரைக் கடிதல் முறையன்று.

தமிழ் இதழ்களை முகவரின் மொத்தப் பட்டியலிலிருந்து பிரித்து, இதழ் அலுவலகங்களுக்கே நூலகம் நேரடியாகச் சந்தா செலுத்துவது இவற்றினும் எளிய வழி. இருபது இதழ்களுக்கு இருபது முறை பணம் அனுப்பும் வேலை கூடும் என்பதும், தள்ளுபடியின்றி வாங்கியதாகத் தணிக்கையில் வினா எழும் என்பதும் உண்மையே. முதலாவதற்கு இணையவழிப் பணப்பரிமாற்றம் வந்துவிட்டது. இரண்டாவதற்கு இதழாசிரியர் ஒப்பமிட்டுத் தரும் பற்றுச்சீட்டையும், குறைவின்றி வந்து சேர்ந்த இதழ்களின் பதிவையும் கோப்பில் இணைத்துவைக்கலாம்.