ஒரு விசையும் ஒரு விடையும்

நிரல் எழுதப் பயிலும் மாணவர்க்கு ஒருநாள் இவ்வையம் எழாமல் இராது. “தொடரலாமா? ஆம் எனில் ‘ஒய்’ விசையை அழுத்துக” என்று அவருடைய நிரல் கேட்கிறது. அழுத்தினால் அசைவதில்லை, ‘என்டர்’ விசையையும் அழுத்திய பின்னரே விடையை ஏற்கிறது. காரணம் யாது?

குற்றம் நிரலினுடையது அன்று. விசைப்பலகைக்கும் நிரலுக்கும் இடையே இயங்குதளம் ஓர் எழுத்தரைப் போல் அமர்ந்திருக்கிறது. நாம் தட்டும் எழுத்துகளைத் திரையிற் காட்டி, ஒரு வரியாகச் சேர்த்துவைத்து, என்டர் வந்தபின்பே நிரலிடம் ஒப்படைக்கிறது. தவறாகத் தட்டியதை அழித்துத் திருத்த இயல்வது இவ்வேற்பாட்டினாலேதான். தொலைத்தட்டச்சுப் பொறிகளைக் கணிப்பொறியோடு பிணைத்திருந்த நாளில் தோன்றிய இம்முறை, லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் இன்றும் நிலவுகிறது.

ஒற்றை விசையை உடனே பெற விரும்பினால், அவ்வெழுத்தரைச் சற்றே விலகியிருக்கச் சொல்ல வேண்டும். லினக்ஸில் ‘டெர்மியாஸ்’ என்னும் அமைப்பில் ‘ஐகேனான்’, ‘எக்கோ’ ஆகிய இரு குறிகளை நீக்கி, குறைந்த அளவு 1 பைட் என்றும், காத்திருக்கும் கால வரம்பு 0 என்றும் வைத்தால் போதும். விண்டோஸில் ‘கெட்ச்’ என்னும் செயற்கூறே இப்பணியைச் செய்துவிடும்.

ஆயினும் மூன்று கடமைகள் உண்டு. முதலாவது, பழைய அமைப்பைக் குறித்துவைத்து, நிரல் எவ்வாறு முடியினும் அதனை மீட்டளித்தல். மறந்தால், தட்டுவது திரையில் தோன்றாமற் போகலாம்; அப்போது ‘எஸ்டிடிஒய் சேன்’ என்னும் கட்டளையைக் கண்ணுக்குத் தெரியாமலே தட்டி என்டர் அழுத்துவது வழக்கமான பரிகாரம்.

இரண்டாவது, ஒரு விசை என்பது ஒரு பைட் அன்று என்பதை உணர்தல். மேல்நோக்கிய அம்புக்குறி பெரும்பாலும் 3 பைட்டுகளை அனுப்பும். யூடிஎஃப்-8 முறையில் ‘க’ என்பதும் 3 பைட்டுகளே. ‘கு’ என்பதோ 6. ஒன்றை மட்டும் படித்து நிறுத்தினால், எஞ்சியவை அடுத்த வினாவுக்கு விடையாகப் போய்ச் சேரும்! தமிழில் விடை கேட்கும் நிரலை எழுத விழைவோர் இதனைச் சிறப்பாகக் கருதுதல் வேண்டும்.

மூன்றாவது, வினா எழுப்புமுன் காத்துக்கிடக்கும் பழைய விசைகளை ‘டிசிஃப்ளஷ்’ கொண்டு அகற்றுதல். பொறுமையிழந்து முன்னரே தட்டிய ‘ஒய்’ ஒன்று, பின்னர் வரும் “கோப்புகளை அழிக்கலாமா?” என்னும் வினாவுக்கு இசைவாகிவிடலாகாது அன்றோ?

பக்கம் புரட்டுதற்கும், விளையாட்டுக்கும், பட்டியலில் ஒன்றைத் தெரிவதற்கும் ஒற்றை விசை ஏற்றது. ஆனால் குடும்பப் புகைப்படங்களோ, ஆண்டுக் கணக்குகளோ மீளாது அழியும் இடத்தில், முழுச் சொல்லையும் தட்டி என்டர் அழுத்தச் செய்வதே தக்கது. அந்த ஒரு கணத் தாமதத்தில் பயனர் தம் கையை நிறுத்திக்கொள்ள வாய்ப்புண்டு. நிரல் எழுதும் நம் இளைஞர் இதனை மனத்திற் கொள்வாராக.