பிள்ளைக்கு ஒரு பொது விதி வேண்டாமா?



என்னிடம் படித்தவள் கொழும்பில் வாழ்க்கைப்பட்டாள். கணவர் மகனைச் சொல்லாமல் சென்னைக்குக் கூட்டிவந்துவிட்டார். கொழும்பு நீதிமன்ற உத்தரவு இங்கே தானாகச் செல்லாது; மறுபடி முதலிலிருந்து வழக்கு. இரண்டு வருஷமாக மகனைச் செல்போனில்தான் பார்க்கிறாள்.

இப்படிக் கொண்டுபோகும் பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப 1980-இல் ஹேக் ஒப்பந்தம் வந்தது. இலங்கை 2001-லும், பாகிஸ்தான் 2016-லும் சேர்ந்தன. 2009-இல் நம் சட்ட ஆணையமே பரிந்துரைத்தும் நாம் சேரவில்லை.

"கொடுமைக்குத் தப்பி வரும் பெண்கள் கதி?" என்கிறார்கள். நியாயமான பயம். ஆனால் பிள்ளைக்குக் கடும் ஆபத்து என்றால் அனுப்ப மறுக்க 13-ஆம் பிரிவு இருக்கிறதே! போதாதென்றால் சார்க் நாடுகள் கூடி உறுதியான விதி எழுதட்டும். கிரிக்கெட்டுக்கு ஒரே விதியை ஏற்கிறோம், பிள்ளைக்கு முடியாதா?

வழக்கறிஞர்களாக இருக்கும் என் மாணவர்களே, பேசுங்கள்.